மறுக்கத் தெரியாத மொட்டு

விதைக் கம்பெனியின் வலைக்கூடாரத்தில் அவளுக்கு 'மொட்டுக்காரி' என்று பெயர். முட்டைக்கோஸ் பூ விரிந்துவிட்டால், தன் செடியின் மகரந்தத்தை அடையாளம் கண்டு தள்ளிவிடும். விதை பிடிக்காது. அது பரம்பரையாக வரும் குணம். கம்பெனிக்கோ வேறு செடி கலக்காத விதை வேண்டும். அதனால் பூ விரியும் முன்பே மொட்டை இடுக்கியால் பிளந்து, அதே செடியின் மகரந்தத்தை அவள் தடவிவிடுவாள். மொட்டுக்கு மறுக்கத் தெரியாது.

"என்ன மொட்டுக்காரி, இன்னிக்கு எத்தனை கல்யாணம் முடிச்ச?" என்று கூட வேலை செய்பவள் கேலி பேசுவாள். இவளும் சிரித்துவைப்பாள்.

ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், பள்ளிக்கூடம் போகிற மகளுக்குப் புருஷன் மாப்பிள்ளை பேசி வைத்திருந்தான்.

"படிப்பு முடியட்டுமேங்க."

"நல்லா சொன்ன போ! நாலு விஷயம் தெரிஞ்சிக்கிட்டா வேணாம்னு சொல்லுவா. இப்பவே முடிச்சிட்டா வாயத் திறக்க மாட்டா. உன்னையும் அப்படித்தானே கட்டிக் குடுத்தாங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாகத் தன் கை செய்துவரும் வேலையைத்தான் அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

உள்ளே மகள் சீருடையைக்கூட மாற்றாமல் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இவள் போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பாகிட்ட வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுடி. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"ஏம்மா வேணாங்கணும்? அப்பா எது செஞ்சாலும் என் நல்லதுக்குத்தானே?" என்று கேட்டுவிட்டு, மகள் விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினாள். அந்த முகத்தில் கொஞ்சம் பயம் தெரிந்திருந்தால்கூட இவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.