சாக்பீஸ் மாட்டிய சோலார்

வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வந்ததும் சாமானைப் பிரிப்பார்கள். அவள் சாமானைத் தொடவே இல்லை. நேராக மொட்டை மாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து, சாக்பீஸால் அந்த நிழலைச் சுற்றிக் கோடு போட்டாள். கோட்டுக்குள் ஒன்பது என்று எழுதிவிட்டு இறங்கி வந்தாள். பத்து மணிக்கு மறுபடி ஏறினாள். நிழல் நகர்ந்திருந்தது. அதைச் சுற்றி இன்னொரு கோடு போட்டுப் பத்து என்று எழுதினாள்.

அந்த வீட்டில் எனக்குப் பகல் நேர நர்ஸ் வேலை. வீட்டுப் பெரியவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். நுரையீரல் கெட்டுப் படுக்கையில் இருந்தார். மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் ஆக்சிஜன் மெஷின். கரண்ட் போனால் மெஷினைப் பழைய இன்வெர்ட்டர் இருபது நிமிடம் தாங்கும். அதன்பின் சிலிண்டர்தான். அது மூன்று மணி நேரத்துக்கு வரும். லைன் வேலை என்று சொல்லி வாரம் ஒரு பகல் நாலு மணி நேரம் வரை நிறுத்த ஆரம்பித்திருந்தார்கள். கடைசி நாற்பது நிமிடத்துக்கு எங்களிடம் வழியில்லை. அதனால்தான் சோலார் பேனல் வாங்கினார்கள். மாட்டுவதற்குக் கடைக்காரர் அனுப்பிய ஆள்தான் அவள்.

தொழிலில் எல்லோரும் அவளைச் சாக்பீஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்து நாலு. பதினெட்டு வருடம் சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டியவள். எண்பது அடுக்குத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேல் துணியில் கோடு போட்டு, மெஷின் கத்தியை ஒரே முறை இறக்க வேண்டும். கோடு ஒரு விரல் விலகினால் எண்பது சட்டையும் குப்பை. தொழிற்சாலையை மூடியதும் எலக்ட்ரீஷியனான புருஷனோடு சேர்ந்து சோலார் வேலை கற்றுக்கொண்டாள். அவருக்கு உயரம் என்றால் தலை சுற்றும். ஆகவே கூரை வேலை அவளுக்கு, கீழே வயர் இழுக்கும் வேலை அவருக்கு. அவருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: தரை.

"எங்க வீட்டுல சண்டை வந்தா நான் மாடிக்குப் போயிடுவேன் சிஸ்டரம்மா. அவரால துரத்திக்கிட்டு வர முடியாது" என்றாள்.

"கீழ இறங்கித்தானே ஆகணும்?" என்றார் தரை, வயரைச் சுருட்டிக்கொண்டே.

"அதுக்குள்ள உங்களுக்குப் பசிச்சிடும். கோவம் போயிடும்."

பதினொரு மணிக்கான கோட்டைப் போட அவள் ஏறியபோது வீட்டு மாப்பிள்ளை பின்னாலேயே போனார். மாமியார் வீட்டோடு இருப்பவர். எந்த வேலை நடந்தாலும் இடுப்பில் கை வைத்து மேற்பார்வை பார்ப்பது அவர் வழக்கம். பெரியவரின் துணியைக் காயப் போட நானும் மாடியில் இருந்தேன்.

"ஏங்க, மாட்ட வந்தீங்களா, கோலம் போட வந்தீங்களா?"

"ரெண்டும்தாங்க."

"அப்படி அந்த நிழல்ல என்ன இருக்கு?"

"நாலு பேனலும் கை கோத்துக்கிட்டு நிக்கிற மாதிரி. ஒண்ணு மேல நிழல் விழுந்தா நாலும் சேர்ந்து சோம்பிப் போயிடும். இந்தத் தொட்டி நிழல் எத்தனை மணிக்கு எங்க போய் நிக்குதுன்னு எனக்குத் தெரியணும்."

அந்த நேரத்தில் கரண்ட் போயிற்று. மெஷின் கீச்சென்று கத்தியது. நான் கீழே ஓடினேன். என் பின்னால் அவளும் ஓடி வந்தாள். இன்வெர்ட்டர் ஏற்றுக்கொண்டது. நான் நேரம் பார்த்துக்கொண்டேன். பதினெட்டாவது நிமிடம் குழாயை மெஷினிலிருந்து கழற்றிச் சிலிண்டரில் மாட்டினேன். அவள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பெரியவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்வாங்க. எனக்கு மூச்சு கெட்ட பிறகு."

வீட்டம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இன்னும் ரெண்டு நாள்தானே? நீ மாட்டி முடிச்சிட்டா இந்த ஓட்டமெல்லாம் இல்ல. கரண்ட் போனா போகட்டும், நமக்குச் சூரியன் இருக்கு."

சாக்பீஸ் அறையை விட்டு வெளியே போனாள். கூடத்தில் சுவரோரம் வைத்திருந்த, பேனலோடு வந்த சோலார் இன்வெர்ட்டர் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு வீட்டம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, உங்களுக்கு வித்தவங்க இதைச் சொன்னாங்களான்னு தெரியல. இந்தப் பெட்டில பேட்டரி கிடையாது. தெருவுல கரண்ட் இருந்தாத்தான் இது வேலை செய்யும். தெருவுல போச்சுன்னா இதுவும் அணைஞ்சிடும்."

"வெயில் அடிச்சாலுமா?"

"வெயில் கொளுத்தினாலும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க. இல்லேன்னா லைன் போயிடுச்சுன்னு நம்பிப் போஸ்ட்ல ஏறினவனை உங்க வீட்டுச் சூரியன் தூக்கி அடிச்சிடும். கரண்டுக்குக் கட்டுற பணம் குறையணும்னா இது நல்ல பெட்டி. உங்களுக்கு வேண்டியது அது இல்லையே."

வீட்டம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிலிண்டரின் சீறல் மட்டும் கேட்டது.

அவள் செய்திருக்கக்கூடிய சுலபமான வேலை ஒன்று இருந்தது. கொடுத்ததை மாட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். குற்றம் விற்றவரோடு போயிருக்கும். நோயாளி வீடுகளில் பலரைப் பார்த்திருக்கிறேன். "என் வேலை அது இல்லை" என்று சொல்லத் தெரிந்தவர்கள் அதிகம். அவள் கடைக்காரருக்குப் போன் போட்டாள். எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மாட்டச் சொல்லி அனுப்பினா நீ அங்க போய் வைத்தியம் பாக்கறியா?" என்றது கடைக்காரரின் குரல்.

"நீங்க வித்த லட்சணத்துக்கு வைத்தியம்தான் பாக்கணும். இங்க ஒருத்தர் மூச்சு இதுல தொங்குது. பேட்டரியோட வர்ற பெட்டியை அனுப்புங்க."

"மாத்தணும்னா பத்து நாள் ஆகும். இப்ப இருக்கிறத மாட்டு. அப்புறம் பாக்கலாம்."

"மாட்டிட்டா இவங்க நம்பிடுவாங்க. நம்பிக்கிட்டு அந்தச் சிலிண்டரையும் திருப்பிக் குடுத்துடுவாங்க. நான் மாட்டல."

"அப்ப உனக்கு அடுத்த வேலை கிடையாது, தெரிஞ்சுக்க."

"தெரிஞ்சுகிட்டேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். பன்னிரண்டு மணி ஆகியிருந்தது. கோடு போட வேண்டும் அல்லவா?

அன்று கரண்ட் ஒரு மணிக்கே வந்துவிட்டது. மாலை நாலு வரை எட்டுக் கோடுகள் போட்டு முடித்துவிட்டுத்தான் அவள் கிளம்பினாள்.

பெட்டி மாறி வரப் பதினோரு நாள் ஆயிற்று. இடையில் ஒரு நாள் கரண்ட் மூன்றே கால் மணி நேரம் போயிற்று. சிலிண்டரின் முள் சிவப்புக்கோட்டைத் தொட்டபோது வீட்டம்மா அழ ஆரம்பித்தார். கையில் இருந்ததையும் அந்தப் பெண் பேச்சைக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டோமே என்று புலம்பினார். அந்தப் பெட்டி இருந்திருந்தாலும் இப்போது அணைந்துதான் கிடந்திருக்கும் என்று நான் சொன்னேன். அழுகிறவர்களுக்குக் காது கேட்காது. முள் நகர்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது. அந்தப் பதினோரு நாளும் கடைக்காரர் அவளுக்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை என்று பிறகு தரை சொல்லித்தான் தெரிந்தது. அவள் சொல்லவில்லை.

புதுப் பெட்டியும் பேட்டரியும் வந்த அன்று காலையிலேயே இருவரும் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை பேனல்களைத் தெருப் பக்கம் வைக்கச் சொன்னார். நாலு பேர் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"பாருங்க, மதியம் ரெண்டு மணியிலிருந்து தொட்டி நிழல் இங்கதான் படுத்துத் தூங்குது" என்று அழியாமல் கிடந்த கோடுகளைக் காட்டினாள். "பின்பக்கம் ஒரு கோடும் போகல. பேனல் உங்களைப் பாக்க வேணாம், சூரியனைப் பாத்தாப் போதும்."

பேனல்கள் பின்பக்கம் போயின. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அவள் சட்டங்களை முடுக்க, கயிற்றின் மறுமுனையை மாடிப்படி வாசலில் உட்கார்ந்து தரை பிடித்திருந்தார். அதற்கு மேல் ஒரு அடிகூட அவர் வைக்கவில்லை. பெரியவரின் அறைக்கு மட்டும் தனி லைன் இழுத்தார்கள். மெஷின், ஒரு ஃபேன், ஒரு விளக்கு. மெஷினுக்குச் சிவப்பு சாக்கெட். பக்கத்திலேயே இன்னொரு சிவப்பு சாக்கெட்டும் வைத்தாள். போன் சார்ஜ் போட வேண்டுமானால் இருக்கட்டும் என்று வீட்டம்மா கேட்டிருந்தார்.

மறுநாள் சோதனை. மற்றவர்கள் ஐந்து நிமிடம் மெயினை இறக்கிக் காட்டிவிட்டுப் போவார்கள். அவள் நாலு மணி நேரம் என்றாள். மெயினை இறக்கினாள். பேனலிலிருந்து வரும் ஸ்விட்சையும் அணைத்தாள்.

"இது எதுக்கு? வெயில்தான் அடிக்குதே" என்றேன்.

"மழை நாள்னு வச்சுக்குங்க சிஸ்டரம்மா. நல்ல நாள்ல எல்லாம்தான் ஓடும்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. சிலிண்டரைக் கட்டில் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டேன். அவள் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். மெஷின் ஒரே சீராக ஓடியது. ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டு மணி நேரமும் போயிற்று. சாப்பிடக் கூப்பிட்டார்கள், எழுந்திருக்கவில்லை. கடைசியில் நான்தான் கை கழுவிவிட்டு வரச் சொல்லித் துரத்தினேன்.

அவள் அந்தப் பக்கம் போன இரண்டு நிமிடத்தில் மாப்பிள்ளை கையில் இஸ்திரிப் பெட்டியோடு வந்தார். நான் பெரியவரைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறெங்கும் கரண்ட் இல்லை, அந்தச் சாக்கெட்டில் மட்டும் இருந்தது. எல்லா இடமும் இருட்டாக இருந்தால் ஈசல் எரிகிற விளக்கைத் தேடித்தானே வரும்? செருகினார். சோலார் பெட்டி டப்பென்று அணைந்தது. மெஷின் கத்தியது.

அரை நிமிடத்துக்குள் சிலிண்டருக்கு மாற்றிவிட்டேன். பெரியவரின் உதடு கறுக்கவில்லை. அவள் ஈரக் கையோடு ஓடி வந்து, செருகியிருந்ததைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை மறுபடி ஓட்டினாள்.

வீட்டம்மா மாப்பிள்ளை மேல் பாய்ந்தார். "உங்களுக்கு அறிவிருக்கா மாப்பிள்ள? அவர் மூச்சுல சட்டை தேய்க்கிறீங்களா?"

"நாலு மணிக்கு ஆபீஸ்ல மீட்டிங் அத்தை. சாக்கெட் சும்மாத்தானே இருந்துச்சு..."

"அவரைத் திட்டாதீங்கம்மா" என்றாள் சாக்பீஸ். "தப்பு என்னுது. மெஷினுக்கு ஒரு ஓட்டை போதும்னு தெரியும். நீங்க கேட்டீங்கன்னு ரெண்டு வச்சேன். சும்மா இருக்கிற சாக்கெட்டைப் பாத்தா எந்தக் கையும் சும்மா இருக்காது."

சொல்லிவிட்டு இரண்டாவது சாக்கெட்டைக் கழற்றினாள். அந்த இடத்தில் வெறும் மூடி வைத்து நாலு திருகாணியும் இறுக்கினாள். மெஷினின் பிளக்கையும் யாரும் பிடுங்க முடியாதபடி ஒரு தகடு வைத்துக் கட்டினாள். மாப்பிள்ளை கசங்கிய சட்டையோடு போய்ச் சேர்ந்தார்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் நன்றாகத்தானே ஓடியது, போதாதா என்று கேட்டார் வீட்டம்மா.

"இது கணக்குல சேராதும்மா. நடுவுல நின்னுடுச்சு. பேட்டரி நிறையட்டும், நாளைக்கு மறுபடி முதல்லேர்ந்து."

தன் தப்பைத் தானே சொன்ன வேலைக்காரர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். அதற்காக இன்னொரு நாள் முழுவதும் வந்து உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மெயினை இறக்கினாள். அன்று அவள் எங்கும் எழுந்து போகவில்லை. தரை கொண்டு வந்த சாப்பாட்டைப் பெட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். பெரியவர் நன்றாகத் தூங்கினார். ஒன்றே கால் மணிக்கு விழித்து, குழாயை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சிஸ்டரம்மா, இன்னைக்குக் கரண்டை எப்ப நிறுத்தப் போறாங்களாம்?"

"நிறுத்தி மூணே கால் மணி நேரம் ஆச்சு."

அவர் மெஷினைத் திரும்பிப் பார்த்தார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப வண்டி இவ்வளவு நேரமும் நியூட்ரல்லயா வந்துச்சு?"

வீட்டம்மா பதினைந்து நாளுக்குப் பிறகு சிரித்தார். சாக்பீஸ் சிரிக்கவில்லை. கண்ணைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே சொன்னாள்:

"இன்னும் முக்கா மணி இருக்கு ஐயா. பேசாம தூங்குங்க. இறங்குற இடம் வந்தா நானே விசில் குடுக்கறேன்."

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு மணிக்கு அவள் பேட்டரியில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக் குறித்துக்கொண்டாள். கால் பங்கு இருந்தது. பிறகு எழுந்து போய் மெயினை ஏற்றினாள். விசில் கொடுக்கவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.