சாரல் காற்றும் பாதி செத்த இணைப்பும்: தென்காசி, குற்றாலத்தில் நான்கு நாள்

குற்றாலம் போகிற எல்லோரும் அருவிக்காகத்தான் போகிறார்கள். என் கணவரும் அதற்காகத்தான் வந்தார். நான் போனது ஒரு புகாருக்காக. சென்ற ஜூலை இரண்டாம் வாரம், சீசன் நன்றாகப் பிடித்திருந்த நேரம்.

சென்னையில் ஒரு சிறிய நிறுவனத்தில் நெட்வொர்க் பொறியாளராக வேலை பார்க்கிறேன். தென்காசியில் இருபது படுக்கை கொண்ட ஒரு தனியார் மருத்துவமனைக்கு இணைய ஏற்பாடு செய்து கொடுத்தது நான்தான். அங்கே இதய மருத்துவர் கிடையாது. நெஞ்சுவலி என்று யாராவது வந்தால் இ.சி.ஜி. எடுத்து மதுரையில் இருக்கும் மருத்துவருக்கு அனுப்புவார்கள். அவர் பார்த்து, எந்த ஊசி போடவேண்டும் என்று அதே இணையத்தில் ஓடும் போனில் சொல்வார். அதனால்தான் இரண்டு இணைப்புகள் போட்டிருந்தோம். ஒன்று ஆலங்குளம், திருநெல்வேலி வழியாகப் போகும். மற்றது வடக்கே சிவகிரி வழியாக. முதலாவது அறுந்தால் இரண்டாவது தானாக எடுத்துக்கொள்ளும். கேபிளைப் பிடுங்கிச் சோதித்துக் காட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

ஆனால் இரண்டு வாரமாக அங்கிருந்து புகார். இ.சி.ஜி. படம் போக அரை மணி நேரம் ஆகிறது என்று. சென்னையில் என் திரையில் எல்லாம் பச்சையாகவே இருந்தது. "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று சொல்லி இரண்டு முறை புகாரை முடித்துவைத்தேன். மூன்றாவது முறை வந்தபோது மனசு கேட்கவில்லை. நேரில் போகலாம் என்று முடிவெடுத்தேன். அருவி என்றதும் கணவரும் பையைத் தூக்கிவிட்டார்.

செங்கோட்டை ரயிலில் தென்காசி வந்து இறங்கியபோது காலை 7.50. ஐந்து கிலோமீட்டர் தள்ளி, குற்றாலத்தில் அறை. ஆட்டோவுக்கு 200 ரூபாய் கேட்டார்கள், 150க்கு வந்தார்கள். சீசனில் அறை வாடகை 1,800. சனி, ஞாயிறு என்றால் இரட்டிப்பு. வார நாளில் வருவது நல்லது. கணவரைப் பேரருவிப் பக்கம் அனுப்பிவிட்டு, பத்து மணிக்கு நான் பேருந்தில் தென்காசிக்குத் திரும்பினேன்.

அங்கே என்னைப் பார்த்தது ஜெபராணி சிஸ்டர். அவசரப் பிரிவு அவர் பொறுப்பு. தொலைபேசியில் நான் இரண்டு முறை மழுப்பி அனுப்பியது இவரைத்தான். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ வரவழைத்தார். போன வாரம் ஒரு இ.சி.ஜி. நாற்பது நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்ததாகவும், கடைசியில் அந்த அம்மாவை ஆம்புலன்ஸில் ஏற்றித் திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றதாகவும் சொன்னார். நல்ல வேளை, அவர் பிழைத்துக்கொண்டார்.

"ஒரேயடியா செத்துப்போச்சுன்னா கவலையில்ல மேடம். செல்லுல போட்டோ எடுத்து அனுப்பிருவோம். இது சாகவும் மாட்டேங்கு, வேலை செய்யவும் மாட்டேங்கு. இப்போ போயிரும் இப்போ போயிரும்னு காத்துக்கிட்டே இருக்கோம், பாத்துக்கிடுங்க."

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். எந்த நாள், எத்தனை மணிக்கு மெதுவானது, எப்போது சரியானது என்று பதினான்கு நாள் குறித்து வைத்திருந்தார். பெரும்பாலும் பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை. "காத்து அடிக்கப்போ எல்லாம் இப்படித்தான் படுத்துது. போன்ல சொன்னா யாரு நம்புதா?" என்றார்.

அந்த நோட்டை வைத்துக்கொண்டு பழைய பதிவுகளைப் பிரித்துப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. அந்த நேரங்களில் ஆலங்குளம் வழிப் பாதை அறுந்துபோகவில்லை. அனுப்பும் தகவல் துண்டுகளில் ஐந்தில் ஒன்றை மட்டும் வழியில் தொலைத்துக்கொண்டிருந்தது. தொலைந்ததை மறுபடி மறுபடி அனுப்பியே பெரிய படம் ஒன்று பாதி வழியில் இழுத்துக்கொண்டு கிடக்கும். ஆனால் 'உயிரோடு இருக்கிறாயா?' என்று கேட்க நான் வைத்திருந்த சோதனைக்கு, மூன்று முறை கேட்டு ஒரு முறை பதில் வந்தாலே போதும். அது எப்படியும் வந்துவிடும். ஆகவே பாதை மாறவே இல்லை. சிவகிரி வழி இணைப்பு இரண்டு வாரமாகச் சும்மா கிடந்திருக்கிறது. தப்பு கேபிளில் பாதி, நான் எழுதிய விதியில் பாதி. இதை அப்படியே சிஸ்டரிடம் சொன்னேன். "சரி, கண்டுபிடிச்சாச்சுல்லா. இனி செய்யுங்க" என்றார், அவ்வளவுதான்.

அன்றே புதிய விதி எழுதினேன். நொடிக்கு ஒரு சிறு தகவலை இரண்டு பாதையிலும் அனுப்பி, எத்தனை திரும்பி வருகிறது, எவ்வளவு தாமதம் என்று கணக்கெடுக்க வேண்டும். நூற்றுக்கு மூன்றுக்கு மேல் தொலைந்தால் பாதையை மாற்றவேண்டும். மூன்றரை மணிக்குக் காற்று கிளம்பியது. என் ஏற்பாடும் ஆட ஆரம்பித்தது. காற்று அடித்தால் சிவகிரி வழி, நின்றால் ஆலங்குளம் வழி என்று நிமிடத்துக்கு நாலு தடவை மாறி மாறிப் போன் பேச்சுகூட அறுந்துபோனது. முன்பைவிட மோசம். மருத்துவமனைக் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளும், கொள்ளளவு குறைந்த அந்த ஒல்லியான இரண்டாவது இணைப்பில் ஏறி அடைத்துக்கொண்டன. எனக்கு அழுகையே வந்தது. பழையபடி மாற்றிவைத்துவிட்டு அறைக்குத் திரும்பினேன். அருவியில் நனைந்து குளிர்ந்து வந்திருந்த கணவர் ரம்புட்டான் பழத்தை உரித்து நீட்டினார்.

இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு, உள்ளூரில் கேபிள் பராமரிக்கும் முருகையா அண்ணாச்சி வந்தார். அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஆலங்குளம் வழிக் கேபிளைக் கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டே போனேன். குத்துக்கல்வலசையில் புது வீடுகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருக்கின்றன. அதில் ஒரு வீட்டருகே அண்ணாச்சி பைக்கை நிறுத்தினார். வேலைக்கு இடைஞ்சலாக இருந்திருக்கிறது போல. யாரோ எங்கள் கேபிளை இழுத்துச் சாரக்கம்போடு கட்டுக்கம்பியால் கட்டியிருந்தார்கள்.

"இங்கன பாருங்கம்மா. காத்துல சாரம் ஆட ஆட இதும் மடங்குது. உள்ள இருக்க கண்ணாடி இழை நொந்துபோயிருக்கும்."

கட்டை அவிழ்த்துவிட்டார். ஆனாலும் இழை ஏற்கெனவே அடிபட்டுவிட்டது, அந்தத் துண்டையே மாற்றவேண்டும், காற்று தணிந்து ஏணி வைக்க நாலு நாளாகும் என்றார். அதுவரை என் விதிதான் காப்பாற்றவேண்டும்.

அன்று பகல் முழுவதும் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். முப்பது நொடி தொடர்ந்து கெட்டால்தான் மாறவேண்டும். முழுசாகப் பத்து நிமிடம் சுத்தமாக இருந்தால்தான் திரும்பவேண்டும். இ.சி.ஜி.யும் மருத்துவர் அழைப்பும் மட்டும் மாறட்டும். கேமராப் பதிவும் பில் கணக்கும் மெதுவாகவே ஆலங்குளம் வழி போகட்டும். மாலைக் காற்றில் ஜெபராணி சிஸ்டர் ஒரு சோதனைப் படம் அனுப்பினார். எட்டு நொடியில் போனது. மறுபடி அனுப்பினார். ஏழு நொடி.

மூன்றாம் நாள் எனக்கு விடுமுறை. பேரருவியிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தூரத்தில் ஐந்தருவி. பெண்களுக்குத் தனிப் பக்கம் உண்டு. செல்போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு அருவிக்கடியில் போய் நின்றேன். முதுகில் விழுகிற அடியில் மூன்று நாள் பாரமும் இறங்கியது போலிருந்தது.

தலை துவட்டிக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தபோது மணி 4.20. அரை மணி நேரத்துக்கு முன் பாதை மாறியதாக ஒரு குறிப்பு வந்திருந்தது. பதறிப்போய் சிஸ்டரைக் கூப்பிட்டேன். இலஞ்சியிலிருந்து நெஞ்சுவலியோடு ஒரு விவசாயியைக் கொண்டுவந்திருக்கிறார்கள், சரியாக அந்த நேரத்தில்.

"மாறுச்சா? எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே மேடம். படம் போச்சு, டாக்டர் உடனே கூப்பிட்டாரு, ஊசி போட்டோம். இப்போ நல்லாப் பேசுதாரு. திருநெல்வேலிக்கு ஏத்திவிடப் போறோம்."

ஈரத்துணியோடு அங்கிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். என்னாச்சு என்று கணவர் கேட்டார். ஒண்ணும் ஆகலை என்றேன். உண்மையிலேயே அங்கே ஒன்றும் ஆகவில்லை. இருபது வருட வேலையில் இவ்வளவு சந்தோஷமாக நான் உட்கார்ந்தது கிடையாது.

நான்காம் நாள் ரயிலேறுமுன் சிஸ்டரையும் அண்ணாச்சியையும் பார்த்து நன்றி சொன்னேன். எதற்கு என்று இருவருமே கேட்டார்கள். கேபிள் துண்டை மாற்றிவிட்டதாக அடுத்த வாரம் அண்ணாச்சி போன் செய்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை தண்ணீர் நன்றாக இருக்கும். அதிகம் கொட்டினால் குளிக்கத் தடை போடுவார்கள். காலையிலேயே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். ஐந்தருவிக்கு ஆட்டோ போகவர 250 ரூபாய். பிற்பகல் காற்றுக்குக் குடை நிற்காது, தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துப்போங்கள்.

என் தொழில் செய்பவர்கள் யாராவது படித்தால், கேபிளைப் பிடுங்கிச் சோதித்ததோடு நிறுத்திவிடாதீர்கள். ஐந்தில் ஒரு துண்டைத் தொலைத்துவிட்டு என்ன ஆகிறது என்று பாருங்கள். திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் "மெதுவா இருக்கு" என்றால், அவரை நம்புங்கள். நான் இரண்டு வாரம் நம்பாமல் இருந்தேன். அதற்குள் எதுவும் ஆகாமல் போனது என் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல.