கதவில் இருந்த கிளி

புதுப் புத்தகத்தைப் பிரித்தால் எனக்குத் தின்னர் வாசம்தான் அடிக்கும். முப்பது வருடம் லாரிக்குப் பெயின்ட் அடித்த மூக்கு, அதை நம்பாதீர்கள். போன வாரம் சேலத்தில் ஒரு கடையில் குமரேசனின் முதல் கதைத் தொகுப்பு மறுபதிப்பாகக் கிடந்தது. வாங்கி, பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலேயே பிரித்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். மூன்று பஸ் போய்விட்டது.

குமரேசனை நீங்கள் படித்திருக்கலாம். ஆணும் ஆணும் நேசிப்பதைக் கதையாக எழுதுகிறவர். தானும் அப்படித்தான் என்று மேடையிலேயே சொல்கிறவர். இப்போது சென்னையில் இருக்கிறார், ஏழெட்டுப் புத்தகம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த குமரேசன் சங்ககிரியில், எங்கள் லாரி பாடி கட்டும் பட்டறைக்கு எதிரே, லாரி புக்கிங் ஆபீஸில் ரசீது எழுதியவர். வீணான ரசீதுகளின் பின்பக்கம் கதை எழுதுவார். மத்தியானம் சோற்றுப் போசியோடு வந்து, பெயின்ட் காயும் வரை எனக்குப் படித்துக் காட்டுவார்.

"இன்னும் எத்தனை வருசத்துக்கு மாப்ள எனக்கு 'ங்க' போடுவ?"

"படிச்சவங்களாச்சுங்களே."

"சரிங்க சாமி" என்று கும்பிடுவார். எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வரும்.

எங்கள் தொழிலில், வண்டி வெளியே போகும் முன் பெயின்டர் தன் கை அடையாளம் ஒன்றை வைப்பான். பெயர் எழுதக் கூச்சப்பட்ட நான் டிரைவர் கதவுக் கைப்பிடிக்குக் கீழே சின்னதாய் ஒரு கிளி வரைவேன், கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிற கிளி. நாமக்கல் வரைக்கும் அதைப் பார்த்தால் என் கை என்பார்கள்.

ஒரு நாள் அவர் படித்த கதையில் ஒரு பெயின்டரும் ஒரு கிளார்க்கும் வந்தார்கள். எங்களுக்குள் இருந்தது, நாங்கள் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாதது, அதில் அப்படியே இருந்தது. எனக்குக் காது சுட்டது. வாயில் வந்ததோ வேறு. கதையில் அந்தப் பெயின்டர் மயில் வரைகிறான்.

"மயிலு ஆரு வேண்ணாலும் வரைவாங்க. கிளின்னு போடுங்க. கழுத்தத் திருப்புன கிளி."

"வேண்டாம் மாப்ள. மயிலே இருந்துட்டுப் போகட்டும்."

"போடுங்கன்னா!"

தொழில் கர்வம். வேறென்ன சொல்ல.

புத்தகம் வந்தது. அவர் மிட்டாய்ப் பெட்டியோடு பட்டறைக்கு வந்த அன்று, அந்தப் புத்தகம் முதலாளி கையில் இருந்தது.

"ஏப்பா, இது உன்ற கிளிதான? அப்ப இந்தப் பெயின்டரு நீதானாக்கும்?"

"ஒத்தக் கிளி எதுக்குங்க, ஜோடியா வரையச் சொல்லுங்க!" என்றான் வெல்டிங்காரன். பட்டறையே சிரித்தது.

குமரேசன் என்னையே பார்த்தபடி நின்றார். சொல் என்று பார்த்தாரா, சொல்லாதே என்று பார்த்தாரா, இன்றுவரை தெரியவில்லை.

"எனக்கென்னங்க தெரியும்? அந்தாளு என்னமோ எழுதிட்டுத் திரியறான்" என்றேன்.

அவர் பெட்டியை மெதுவாகப் பெயின்ட் டப்பா மேல் வைத்தார். "அப்ப அந்தாளு போயிட்டு வாரானுங்க" என்றார். அந்த மாதமே ஊரைவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் கிளி வரையவில்லை.

பெஞ்சில் அந்தக் கதையைத் தேடி விரல் வைத்துப் படித்தேன். டிரைவர் கதவு. கைப்பிடி. அதற்குக் கீழே மயில். மறுபடி கூட்டிப் பார்த்தேன். மயில்தான். மறுபதிப்பில் கிளியை மாற்றிவிட்டிருக்கிறார்.

என்னைக் காப்பாற்றவா, கழித்துவிடவா? பின்னட்டையில் அவர் போன் நம்பர் இருக்கிறது. கூப்பிட்டு என்னவென்று கேட்பது? நான் கிளி வரைந்த லாரிகளையெல்லாம் எப்போதோ உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். புத்தகத்தில் ஒன்றாவது இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.