விழும் என்று காத்திருந்தவர்

போன வருடம் கோடையில், நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸில் நடந்தது இது. என் கணவருக்குச் சுரங்கத்தில் நிலத்தடி நீரை இறைக்கும் பிரிவில் வேலை. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். ராப்பகலாக மோட்டார் ஓடாவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வந்துவிடும். வருடக்கணக்கில் அதையே பார்த்தவர், தோசை மாவு பொங்கினால்கூடச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

அப்போது ஐ.டி. பங்குகள் ஏறிக்கொண்டே இருந்தன. ஊரே வாங்கிக்கொண்டிருக்க, இவர் மட்டும் அவை விழும் என்று பணம் கட்டலாமா என்று யோசித்தார். விழுந்தால் கொள்ளை லாபம், ஏறினால் கட்டியது போச்சு. கட்ட நினைத்ததோ மகளின் கல்யாணப் பணம்.

"ஏறிக்கினு இருக்கறதுக்கு எதிர்ல போயி நிப்பாங்களா? நம்ம பொண்ணுக்கு சோறு போடறதே ஐ.டி. கம்பெனிதாங்க" என்று சண்டை போட்டேன்.

"மேல காய்ஞ்சி கெடக்குதுன்னு நீ பாக்குற. அடியில முட்டிக்கினு நிக்குது. வரும் பாரு" என்றார்.

அதன்பிறகு ஆளே ஒரு மாதிரி ஆகிவிட்டார். காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு போனையே பார்ப்பார். டிவியில் எங்காவது ஆட்குறைப்பு என்றால் சத்தத்தைக் கூட்டுவார். மத்தியானத் தூக்கத்தில் "வருது, வருது" என்று முணுமுணுப்பார். அவர் இருக்கும் அறைக்குள் போகவே எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில், நாளைக்குப் பணம் கட்டிவிடுவதாகச் சொன்னார். அன்று மத்தியானமே சென்னையிலிருந்து மகள் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன். ஒரே அழுகை.

"அம்மா, எங்க டீம்ல பாதிப் பேர அனுப்பிட்டாங்க. சாயங்காலம் என்னையும் வரச் சொல்லியிருக்காங்க."

பதறிப்போய் அவரைத் திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

சத்தமே இல்லை. பந்தல் வாசலில் சம்பந்தியை வரவேற்பவர் மாதிரி முகமெல்லாம் மலர்ந்த சிரிப்பு. "அப்பா பக்கத்துல இருக்காராம்மா?" என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

போனை வைத்ததும் கேட்டேன், "அவ அழுவுறா, நீங்க எதுக்குங்க சிரிச்சீங்க?"

"நானா? நான் எங்க சிரிச்சேன்?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அந்தச் சிரிப்பைவிடப் பயமாக இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோய், கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தைத் தடவிப் பார்த்தார். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பணத்தைக் கட்டவில்லை. போனிலிருந்த பங்குச் சந்தை ஆப்பையும் எடுத்துவிட்டார். மகளுக்கு வேலை போய், சில மாதம் எங்களோடு இருந்துவிட்டு வேறு இடத்தில் சேர்ந்தாள். அந்தச் சிரிப்பைப் பற்றி அவளிடம் நாங்கள் மூச்சு விடவில்லை. பங்குகள் அப்புறம் ஏறினவா, விழுந்தனவா என்று பார்க்கவும் இல்லை.

மகள் என்றால் உயிரையே விடுகிற மனிதர் அவர். இன்றைக்கும் அவர் சிரித்தால், எதற்கென்று தெரிந்த பிறகுதான் எனக்கும் சிரிப்பு வருகிறது.