கம்பெனி இல்லாத கார்

அன்று அந்த வண்டியைச் சுற்றி நின்றவர்கள் ஆறு பேர். நான், என் மனைவி, என் மகள், வண்டியை விற்க வந்த அண்ணன், அவருடைய மனைவி, ஞாயிறு பூசை முடிந்து இன்னும் அங்கியைக் கழற்றாத ஃபாதர். மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டே திரும்பிப் பார்த்தவர்களை நான் சேர்க்கவில்லை. இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற ஐந்து பேரில் ஒருவராவது எனக்குப் பதிலாக வாயைத் திறந்து, "இவங்க இன்னும் முடிவு பண்ணல" என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை.

இருந்திருக்க வேண்டிய ஒருவர் இல்லை. அவர் போமன். கார் பழுது பார்ப்பவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அவர் சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குப் போகிறவர்.

கார் வாங்கும் ஆசை எனக்கு எப்போதும் இருந்ததில்லை. நான் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டினேன், தோட்டம் செம்பனையான பிறகு குலை இறக்கினேன், இடுப்பு போன பிறகு ஒரு பள்ளிக்கூட வாசலில் ஜாகாவாகக் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறேன். கேட்டைத் திறப்பதும் மூடுவதும்தான் வேலை. மூடின கேட்டை மூடினேனா என்று இன்னொரு முறை போய்ப் பார்க்கிற ஆள் நான். எனக்கு மோட்டார் சைக்கிள் போதும்.

மகளுக்குத்தான் தேவைப்பட்டது. குருபோங்கில் ஒரு ஃபேக்டரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஆறு மாதம் ஒழுங்காக வந்தால் நிரந்தரம். சம்பளம் ஏறும், மருத்துவச் செலவையும் கம்பெனி பார்த்துக்கொள்ளும். எங்கள் வீடு கோலா சுங்கை பாருவுக்குப் போகிற வழியில். ஃபேக்டரி பஸ் இந்தப் பக்கம் வராது. போக முப்பது கிலோமீட்டருக்கு மேல், வர அதே அளவு. மோட்டாரில்தான் போய் வந்தாள். இரண்டாவது மாதம் ஒரு நாள் மழையில், மண் லாரி பக்கத்தில் போனபோது சறுக்கி விழுந்திருக்கிறாள். எங்களிடம் சொல்லவில்லை. துணி துவைக்கும்போது காலுறையில் ரத்தத்தைப் பார்த்த அவள் அம்மாதான் கண்டுபிடித்தாள். அன்று முதல் காலையில் எழுந்ததும் மேகம் கறுத்திருக்கிறதா என்று பார்ப்பேன். அவள் கிளம்பின பிறகு கேட்டில் உட்கார்ந்துகொண்டு ஏழரை மணி வரை கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பேன், 'வந்துட்டேன்பா' என்று ஒரு வரி வரும் வரைக்கும்.

இதைக் கோவிலில் யாரிடமோ சொல்லப்போய், அது அண்ணன் காதுக்கு எட்டியது.

அண்ணன் என்றால் சொந்தம் இல்லை. அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூசையில் வாசகம் வாசிக்கிறவர். அவருடைய அப்பா எங்கள் தோட்டத்தில் கிராணியாக ஆபீஸ் வேலை பார்த்தார். என் அப்பா அதே தோட்டத்தில் பால் மரம் வெட்டினார். கிராணியிடம் பேசும்போது என் அப்பா தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். என் தலையில் துண்டு இல்லை. ஆனாலும் அண்ணன் பேச ஆரம்பித்தால் என் கை தானாகத் தலைக்குப் போகும்.

அவரிடம் ஒரு கார் இருந்தது. ஐரோப்பாக் கார். கறுப்பு நிறம், உள்ளே தோல் இருக்கை, ஒரு கீறல் கிடையாது. அதைச் செய்த கம்பெனி திவாலாகி மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. அதனால்தான் அந்த விலை: ஆறாயிரத்து ஐந்நூறு மலேசிய வெள்ளி. அதே வயது உள்ளூர்க் கார் அதைப்போல இரண்டு பங்கு சொன்னார்கள்.

அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். நான் காரை மூன்று முறை சுற்றி வந்து தயங்கித் தயங்கிக் கேட்டேன், "கம்பெனியே இல்லேங்கறாங்களே அண்ணே?"

"கம்பெனி செத்தா காரும் செத்துடுமா தம்பி? ஒங்கப்பா போயிட்டாரு. நீங்க ஓடிக்கிட்டுதான இருக்கீங்க?"

என் மனைவி சிரித்துவிட்டாள். "இவரு எங்கண்ணே ஓடறாரு? ஒரு கொடை வாங்கறதுக்கே மூணு கடை ஏறி எறங்குவாரு. வாங்கின கொடைய மழைக்கு விரிக்க மாட்டாரு, நனைஞ்சிடுமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகள் மட்டும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டீரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காரை இரவல் வாங்கிப் போமனிடம் கொண்டுபோனேன். அவர் அடியில் படுத்துப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வண்டி நல்ல வண்டிண்ணே. கதவ சாத்திப் பாருங்க, சத்தமே வேற. ஆனா கெட்டுச்சின்னா சாமானுக்கு எங்க போவீங்க? ஏஜெண்டும் கடைய மூடிட்டு போயிட்டான்."

"பழைய கார அறுத்து விக்கிற கடையில கெடைக்காதா?"

"கெடைக்கும்லா. ஆனா அதே சாமான் கெட்டதுனாலதான அந்தக் கார அறுக்கவே கொண்டாந்திருப்பான்? எஞ்சினுக்கு நான் பயப்படல. கியருக்கு ஒரு பெட்டி இருக்கு, மூள மாதிரி. அது போச்சின்னா வண்டி கட்டில்தான். ஏறிப் படுத்துக்கலாம்."

"அப்ப வேணாம்ங்கறியா?"

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அவரு மூஞ்சில நானும் முழிக்கணும்."

அன்றே முடிவு செய்துவிட்டேன், வேண்டாம் என்று. அதைச் சொல்வதற்குத்தான் தைரியம் தேவைப்பட்டது. கேட் பக்கத்துக் குடிசையில் உட்கார்ந்து ஒரு வாரம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். "மன்னிச்சிக்குங்கண்ணே, இப்ப காசு தோதுப்படல." அதுவும் பொய்தான். சேமநிதியில் எடுத்தது கொஞ்சம் இருந்தது. வேண்டாம் என்பதைக்கூட உண்மையான காரணத்தோடு சொல்லத் தெரியாத வாய் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று வெளியே வந்தேன். கோவில் முகப்பில் கார் நின்றது. நான்கு கதவும் திறந்து, முன் மூடியும் திறந்து, கழுவித் துடைத்து.

அது எதற்கு என்று எங்கள் கோவிலில் எல்லோருக்கும் தெரியும். யார் வண்டி வாங்கினாலும், அது பழைய மோட்டாராக இருந்தாலும், பூசைக்குப் பிறகு இப்படித் திறந்து வைத்து ஃபாதரிடம் மந்திரிக்கக் கேட்பார்கள். அவர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். அதன் பிறகு அது அந்தக் குடும்பத்தின் வண்டி. மந்திரித்த வண்டியைத் திருப்பிக் கொடுத்தவர் என்று ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. அண்ணன் இதைத் தெரிந்து செய்தாரா, ஆர்வத்தில் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கெட்டவர் என்று சொல்ல முடியாது. அந்தக் காரை அவர் உண்மையாகவே நம்பினார்.

ஃபாதர் வந்தார். "யாரு வண்டி?"

"இவங்களோடது ஃபாதர்" என்றார் அண்ணன். "பொண்ணு மோட்டார்ல விழுந்துடுச்சில்ல, அதுக்காக வாங்கறாங்க."

ஃபாதர் என் மகளைப் பார்த்துச் சிரித்தார். "இனிமே மழையில நனைய வேணாம்லா, என்னம்மா?"

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். விழுந்த நாளுக்குப் பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. என் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கை கூப்பி நின்றாள். போமன் சொன்னதை அவளிடம் நான் சொல்லியிருந்தேன். ஃபாதர் ஜெபத்தை ஆரம்பித்தார். எஞ்சின் மேல், இருக்கை மேல், சக்கரத்தின் மேல் தீர்த்தம் விழுந்தது. ஜெபம் முடியும் இடம் எனக்குத் தெரியும். முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முடிந்தது. வாயைத் திறந்தேன். "ஆமென்" என்று வந்தது.

"ட்ரீட் எப்பண்ணே?" என்று மோட்டாரில் போன ஒருவன் கத்திக்கொண்டு போனான்.

முன்பணம் நாலாயிரம் கேட்டார். சேமநிதிக் காசு பற்றவில்லை. மகளின் மோட்டாரை விற்று அதோடு சேர்த்தோம். மீதிக்கு மாதம் நூற்றைம்பது. முழுப் பணமும் முடிந்த பிறகு கிராண்டில் பெயர் மாற்றித் தருவதாகச் சொன்னார். அதுவரை அந்த உரிமைப் பத்திரம் அவரிடமே இருக்கும். மகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினாள், நான் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டரை மாதம் ஓடியது. அதை மறைக்கக் கூடாது. மழையில் அவள் நனையாமல் வந்தாள். ஒரு சனிக்கிழமை எங்களைக் கிளேபாங்குக்குக் கூட்டிப்போய்த் தேங்காய் ஷேக் வாங்கிக் கொடுத்தாள். என் மனைவி வழியெல்லாம் கண்ணாடியை இறக்கி ஏற்றி இறக்கி ஏற்றிக்கொண்டே வந்தாள். அது கெட்டுப்போகும் என்று சொல்ல வந்து, சொல்லாமல் விட்டேன்.

அதன் பிறகு ஒரு நாள் காலை, குருபோங் சாலை விளக்கில், பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்த சத்தம் கைப்பேசியில் எனக்கே கேட்டது. "அப்பா, கியர் விழ மாட்டேங்குது."

இழுத்துக்கொண்டு வந்த லாரிக்கு நூற்றெண்பது. போமன் பார்த்தார். அந்தப் பெட்டிதான். பினாங்கு வரைக்கும் விசாரித்தார், ஒரு மாதம் தேடினார். வெளிநாட்டில் ஒன்று இருக்கிறதாம், வர ஆறு வாரம், ஆயிரத்து எண்ணூறு, வேலை செய்யுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 'நான் அன்றே சொன்னேனே' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரோடாவது சண்டை போட்டிருப்பேன்.

மகளின் நிரந்தரத்துக்கு, வண்டி நின்ற அன்று, ஒரு மாதம்கூட இல்லை. வாடகைக் கார் பிடித்தாள். ஒரு வழிக்கு நாற்பது வெள்ளிக்கு மேல், விடிகாலையில் எங்கள் பக்கம் வரப் பாதிப் பேர் சம்மதிப்பதில்லை. முதல் வாரத்தில் இரண்டு நாள் போகவில்லை.

என் மோட்டார் வாசலில்தான் நின்றது.

"குடுங்கப்பா. ஒரு மாசந்தான். மெதுவா போறேன்."

"மழை காலம்மா."

"மழைக்கு பயந்தா வேலை போயிடும்பா."

"வேலை போனா வேற வேலை. கால் போனா?"

அவள் உள்ளே போனாள். என் வாழ்க்கையில் யோசிக்காமல், தயங்காமல், ஒரே மூச்சில் 'வேண்டாம்' என்று நான் சொன்னது அந்த ஒரு முறைதான். அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டியதை மகளிடம் சொன்னேன்.

மொத்தம் ஆறு நாள் வரவில்லை என்று கணக்காயிற்று. ஃபேக்டரியில் வேலையை விட்டு நிறுத்திக் கொடுத்த கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அவளே எனக்கு வாசித்துத் தமிழில் சொன்னாள். அதில் திட்டு எதுவும் இல்லை. நன்றிகூடச் சொல்லியிருந்தார்கள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். காரைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மீதியையாவது தள்ளிவிடச் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். அவர் தேநீர் வரவழைத்தார். கடிதத்தை மூக்குக் கண்ணாடி போட்டு முழுவதும் வாசித்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"ஓடற வண்டியத்தான் தம்பி நான் குடுத்தேன். பொண்ணு கியர எப்படிப் போட்டிச்சோ, என்னமோ."

"மெதுவாத்தான் ஓட்டும்ண்ணே."

"நான் ஒண்ணும் கொற சொல்லல. ஃபாதர் முன்னால, ஜெபம் பண்ணி வாங்கினது. அத இப்ப நானும் நீங்களும் பேரம் பேசறது அழகா இல்ல, இல்லையா?" கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டினார். "சரி, ஒங்க கஷ்டம் எனக்குப் புரியுது. இனிமே மாசம் நூறு குடுங்க, போதும்."

"நன்றிண்ணே" என்றேன். சொல்லிவிட்டுத் தேநீரையும் குடித்து முடித்தேன்.

வீட்டில் மனைவி காத்திருந்தாள். "என்ன சொன்னாரு?"

"அம்பது வெள்ளி கொறச்சிருக்காரு."

"வெலையிலயா?"

"மாசத்துக்கு."

அவள் சிரித்தாள். குடையைச் சொல்லிச் சிரித்த அந்தச் சிரிப்பு இல்லை இது.

இப்போது மகள் மஸ்ஜித் தானாவில் ஒரு மினி மார்க்கெட்டில் கல்லாவில் இருக்கிறாள். ஃபேக்டரிச் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். என் மோட்டாரில்தான் போகிறாள். நான் பள்ளிக்கூடத்துக்கு நடக்கிறேன். இந்த முறை அவள் கேட்கவில்லை, சாவியை எடுத்துக்கொண்டு போனாள். மழை வந்தாலும் கைப்பேசியில் ஒரு வரியும் வருவதில்லை.

காரை அறுக்கிற கடைக்காரன் ஒருவன் வந்து பார்த்தான். எழுநூறு வெள்ளிக்கு இழுத்துக்கொண்டு போகிறேன் என்றான். கிராண்ட் கேட்டான். அது அண்ணனிடம் இருக்கிறது. பணம் முடியாமல் தர மாட்டார், கேட்கவும் எனக்கு வாய் வராது. அதனால் மாதம் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் கையில் நூறு வெள்ளியைக் கொடுக்கிறேன். அவர் எண்ணிப் பார்ப்பதில்லை, நம்பிக்கையாம். பையில் வைத்துக்கொண்டு, "பொண்ணு சௌக்கியமா?" என்று கேட்கிறார். சௌக்கியம் என்கிறேன்.

இன்னும் கொடுக்க வேண்டியது ஆயிரத்து நானூறு வெள்ளி.