தட்டிக் காட்டியவள்

தளேகாவ் தொழிற்சாலையில், வண்டிப் பாகங்களில் விரிசல் பார்க்கும் எங்கள் பிரிவை மூடப்போவதாகச் சொன்னார்கள். மூடவேண்டாம் என்று வாதாட முப்பது ஸ்லைடு செய்து, முதலாளி முன்னால் ஒவ்வொன்றாக வாசித்தேன். பாதியிலேயே அவர் தன் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

உடன் வேலைபார்க்கும் செல்வி என் காதருகில், "போதும்ண்ணே, உட்காருங்க" என்றாள். மேசையில் இரண்டு இரும்பு வளையங்களை வைத்து, முதலாளியிடம் இந்தியில் கேட்டாள்: "இதுல ஒண்ணு விரிசல் விட்டது சாப். எதுன்னு சொல்லுங்க?"

புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தெரியவில்லை.

வளையங்களை ஒவ்வொன்றாக விரலில் தொங்கவிட்டு, ஸ்பானரால் தட்டினாள். முதலாவது மணியாக ஒலித்தது. இரண்டாவது 'டொக்' என்றது. விரிசல் விட்டது அதுதான்.

முதலாளி ஸ்பானரை வாங்கித் தானே தட்டினார். மறுபடியும் தட்டினார். எங்கள் பிரிவு பிழைத்தது.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று ஊருக்கெல்லாம் சொல்பவன் நான். அன்று முப்பது கண்ணாடிகளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.