ஏரி மீன் தின்ற மிங்குகள்

அறுபதுகளின் கடைசியில் எங்கள் மிஷிகன் ஏரிக்கரையில் மிங்க் வளர்த்தவர் கெரிட் வ்ரெடெவெல்ட். மிங்க் கீரி மாதிரி ஒல்லியானது, கையை நீட்டினால் கடிக்கும். அதன் தோலில்தான் சிகாகோ சீமாட்டிகளுக்குக் கோட்டு தைப்பார்கள். ஏரியில் பிடித்ததில் மீன்காரர்கள் கழித்துப் போடும் சால்மன் மீனை அரைத்துத் தீனி வைப்பார் கெரிட்.

ஒரு வசந்தத்தில் பாதி மிங்குகள் ஈனவே இல்லை. ஈன்ற குட்டிகளும் கண் திறக்குமுன் செத்தன. வைக்கோலைக் கொளுத்தினார், கூண்டுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார், ஆண் மிங்குகளை மாற்றினார். மறுவருஷமும் அதே கதிதான்.

"என்னப்பா கெரிட், நீ எட்டிப் பாத்தாலே குட்டிங்க பயந்து செத்துடுதாமே?" என்று தேவாலய வாசலிலேயே கேலி செய்தார்கள். பண்ணை கைவிட்டுப் போயிற்று.

பிறகு கல்லூரி ஆராய்ச்சிக் கொட்டகையில் என்னோடு கூண்டு கழுவ வந்தார். அங்கேயும் மிங்குகள்தான். ஒரு வரிசைக்குக் கடல் மீன், அடுத்ததற்கு ஏரி மீன். மூன்றாவதற்குக் கடல் மீனில், டிரான்ஸ்பார்மருக்குள் ஊற்றும் எண்ணெயைத் துளி கலந்து வைத்தோம்; கரையோர ஆலைகளின் கழிவோடு ஏரியில் கலப்பது அதுதான். ஈனும் காலத்தில் கடல் மீன் வரிசையில் மட்டும் கீச்சுக் கீச்சென்று சத்தம். மற்ற இரண்டு வரிசைகளும் அமைதியாகக் கிடந்தன. ஒரு தாய், செத்த குட்டியைக் கவ்விக்கொண்டு மூலைக்கு மூலை மாற்றி வைத்துக்கொண்டே இருந்தது.

"அண்ணே, உங்க மேல தப்பே இல்ல. விஷம் மீன்லதான் இருந்திருக்கு" என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அந்த மீனைத்தான்டா என் வீட்ல எல்லாரும் தின்னோம்."

அவர் மகள் லென்னா அப்போது நிறைமாதம். கெரிட் ஆராய்ச்சியாளர் பார்க்கரிடம் ஓடினார்.

"இனிமே சாப்பிட வேணாம்னு சொல்லுங்க" என்றார் பார்க்கர்.

"சாப்பிட்டது?"

பார்க்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது கொழுப்புல தங்கிடும். லேசுல போகாது. போனாலும் குழந்தைக்குத்தான் போகும், தாய்ப்பால் வழியா."

ஞாயிற்றுக்கிழமை அவரை மகள் வீட்டுக்கு நான்தான் காரில் அழைத்துப் போனேன். மேசையில் புகையில் வாட்டிய சால்மன் இருந்தது. நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

மருமகன் சிரித்தான். "மாமா, நாங்க என்ன மிங்கா?"

லென்னா சிரிக்கவில்லை. "சின்னதுலேர்ந்து நீங்கதானேப்பா ஊட்டினீங்க, உடம்புக்கு நல்லதுன்னு."

குழந்தை எடை குறைந்து பிறந்தது. அழுகைகூடப் பலமாக வரவில்லை. மீனால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. லென்னா புட்டிப்பால் கொடுத்தாள். மார்பில் பால் கட்டி, வலி தாங்காமல் அழுதாள். கெரிட் அந்த அறைக்குள் போகவே இல்லை.

ஒருமுறை செய்த சோதனையை ஆலைக்காரர்கள் ஏற்கவில்லை. அடுத்த வருஷம் மறுபடி செய்தார்கள். வேறு வேலை கிடைக்காமல் கெரிட்டும் வந்தார். ஏரி மீனை அரைத்துக் கூண்டுகளில் வைத்தது அவர்தான்.